எலக்ட்ராவிலிருந்து கஃபே ரேசர்: பல வண்டி உதிரிகளை ஒரு சேஸில் சேர்த்த அனுபவம்

கஃபே ரேசராக, அதாவது தாழ்ந்த ஹேண்டிலில் குனிந்து ஓட்டும் பந்தய பாணி வண்டியாக, நான் மாற்றியது 2011 மாடல் ராயல் என்ஃபீல்டு புல்லட் எலக்ட்ராவை. 346 சி.சி., இரட்டை ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர். ஒரகடம் ஆலை 2013இல்தான் திறந்தது என்பதால் இது திருவொற்றியூரில் பிறந்த வண்டி. எஞ்சின் சத்தமும் புகையும் சுத்தம். அதனால் எஞ்சினைத் திறப்பதில்லை என்று தொடங்கும்போதே தீர்மானித்துவிட்டேன். முன்பக்கம், உட்காரும் விதம், டேங்க், பின் ஷாக், பிரேக்கின் கைப்பகுதி, இவைதான் மாறியவை. முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க், என்ஃபீல்டின் இன்னொரு மாடலான தண்டர்பேர்டிலிருந்து வந்தது. ஷாக், அதே கம்பெனியின் கான்டினென்டல் ஜி.டி. 535உடையது. டேங்க், ராஜ்தூத் 350 அச்சில் புதிதாக அடித்தது. லீவரை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், ஏதோ ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கில் இருந்தது.

இப்படிக் கலப்பது இந்த வகை வண்டிக்குப் பிறப்பிலேயே உண்டு. 1950களிலும் 60களிலும் லண்டனின் வடக்குச் சுற்றுச்சாலையில் இருந்த ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய பையன்களுக்கு மணிக்கு நூறு மைல், அதாவது சுமார் 160 கி.மீ., தொடுவதுதான் லட்சியம். டிரையம்ஃப் எஞ்சின் நன்றாக இழுக்கும், நார்ட்டனின் ஃபெதர்பெட் சேஸ் நன்றாக நிற்கும். இரண்டையும் சேர்த்து டிரைட்டன் என்று பெயர் வைத்தார்கள். எந்தக் கம்பெனியும் விற்காத வண்டி அது. என்னுடைய எலக்ட்ராவின் எஞ்சின் தருவது 19.8 குதிரைத்திறன். அது 160 போகாது. ஆனால் எந்த உதிரி எதற்கு நல்லது என்று பார்த்து எடுத்து, சேராத இரண்டைச் சேர வைக்கும் அந்த வேலை இங்கேயும் அதேதான்.

சேர வைப்பது என்றால் அளவு. இந்த வேலை முழுக்க எனக்குத் திரும்பத் திரும்ப உறுதியானது இதுதான்: ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன் வண்டியை அளந்து எழுதிவிட வேண்டும். பிரித்த பிறகு பழைய வண்டி எப்படி நின்றது என்று யாரிடமும் கேட்க முடியாது. நான் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடாமல், ஆள் பிடித்துக்கொள்ள வண்டியை நிமிர்த்தி வைத்து அளந்தேன். அச்சுக்கு அச்சு நீளம், சீட் உயரம், கால் வைக்கும் கட்டையிலிருந்து சீட்டுக்கு உள்ள தூரம், பின் ஷாக்கின் மேல் ஓட்டை நடுவிலிருந்து கீழ் ஓட்டை நடு வரை, பிரேக் மிதியின் இரண்டு கைகளின் நீளம். எல்லாவற்றையும்விட முக்கியமாக முன் சக்கரத்தின் டிரெயில்.

டிரெயில் அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஹேண்டில் திரும்பும் தண்டின் சாய்வை அப்படியே தரை வரை நீட்டினால் ஓர் இடத்தைத் தொடும். முன் அச்சின் நடுவிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டை விட்டால் அதற்குப் பின்னால் இன்னோர் இடத்தைத் தொடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் டிரெயில். புல்லட்டில் ஃபோர்க் குழாய் தண்டுக்கு இணையாகவே இருக்கிறது. எனவே நேரான அலுமினியச் சட்டத்தைக் குழாயோடு ஒட்டிப் பிடித்து, குழாய்களைத் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் பிளேட் அவற்றை எவ்வளவு முன்னே தள்ளியிருக்கிறதோ அந்த அளவு பின்னால் நகர்த்திக் கோடு போட்டால் போதும். இந்தத் தூரம் குறைந்தால் வண்டி சட்டென்று திரும்பும், ஆனால் வேகத்தில் ஹேண்டில் படபடக்கும். கூடினால் நேர்ச்சாலையில் நிம்மதி, சந்தில் திருப்பக் கை வலிக்கும். கம்பெனி கொடுத்த அளவில் இந்த வண்டியை வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன், அது எனக்குப் பிடிக்கும். ஆகவே எந்த ஃபோர்க் போட்டாலும் இந்த அளவுக்கே திரும்பி வர வேண்டும் என்பது விதி.

உதிரிகள் தேடியது பெங்களூரில், சிவாஜிநகர் குஜிரி என்ற பழைய சாமான் சந்தையிலும் ஜே.சி. ரோட்டிலும். புதுச் சாமான் வேண்டுமென்றால் ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் பக்கம். பழசு என்றால் சிவாஜிநகர். அங்கே கடைக்காரர்கள் உருதுவில் ஆரம்பித்து, கன்னடத்தில் விலை சொல்லி, நம் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். காலிபரை, அதாவது அளக்கும் வெர்னியரை, பையில் வைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் "எல்லா புல்லட்டுக்கும் இதான் சார்" என்பார், அவர் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. அவர் பார்ப்பது மாடல் பெயரை, நாம் பார்க்க வேண்டியது மில்லிமீட்டரை. திருட்டு வண்டி உதிரி கைக்கு வரக்கூடாது என்பதால் பில் கொடுக்கும் கடையில் மட்டுமே வாங்கினேன். நம்பர் பொறித்த எதையும், சேஸோ எஞ்சின் கேஸோ, தொடவே இல்லை.

முன்பக்கத்தை ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்று சொல்கிறேன். எலக்ட்ராவில் ஹெட்லைட் கூடுதான் ஃபோர்க்கின் மேல் பிளேட் வேலையையும் செய்கிறது. குழாயின் மேல்நுனி அந்தக் கூட்டுக்குள் போய் முடிகிறது. தாழ்ந்த ஹேண்டிலான கிளிப்-ஆனை மாட்ட அங்கே வெறும் குழாய் கிடையாது. 2012இல் வந்த தண்டர்பேர்டில் மேல் பிளேட் தனி, குழாய் 41 மி.மீ. தடிமன். ஜி.டி. 535க்கும் அதே 41 என்பதால் அந்த அளவு கிளிப்-ஆன் சுலபமாகக் கிடைக்கிறது. ஆக ஃபோர்க், இரண்டு பிளேட், டிஸ்க் சக்கரம் எல்லாம் ஒரே செட்டாக எடுத்தேன். ஃபோர்க்கை ஒரு வண்டியிலிருந்தும் பிளேட்டை இன்னொன்றிலிருந்தும் சக்கரத்தை வேறொன்றிலிருந்தும் எடுத்தால் அச்சு, இடைவெளி நிரப்பும் ஸ்பேசர், டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பர் மூன்றுமே ஒன்றுக்கொன்று கோணும். கலப்பதற்கும் ஓர் அளவு உண்டு.

ஹேண்டில் திரும்பும் தண்டான ஸ்டெம் விஷயத்தில் அல்சூர் பக்கம் லேத் வைத்திருக்கும் ஆம்பூர்க்காரர் ஒருவர்தான் கை கொடுத்தார். சேஸின் கழுத்து நீளம், மேலும் கீழும் பேரிங் உட்காரும் விட்டம், ஸ்டெம்மின் விட்டம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். "தம்பி, படத்த வச்சு கடைய மாட்டேன், சாமானைக் கொண்டு வா" என்றார். அவர் சொன்னது சரி. பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டிய இடத்தில் வரைபடத்தை நம்ப முடியாது. சாமானைக் கையில் வைத்துப் பொருத்திப் பொருத்தித்தான் கடைய வேண்டும். புதுக் கோன் செட்டும் (கழுத்தில் உட்காரும் பேரிங் செட்) அவர் கடைந்த ஒரு எஃகு வளையமும் போட்டதும் ஹேண்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தன் எடையிலேயே விழுந்தது. ஆட்டமும் இல்லை, கடினமும் இல்லை.

அதற்கப்புறம் செய்த ஒரு சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. ஃபோர்க்கிலிருந்து ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, முன்பக்கத்தை மெதுவாக இறக்கி, குழாய் முழுசாக அமுங்கும் வரை கொண்டுபோக வேண்டும். பெரிய பள்ளத்தில் விழும்போது வண்டி இருக்கும் நிலை அதுதான். டயர் சேஸின் முன் குழாயில் இடிக்கிறதா, மட்கார்டு கீழ் பிளேட்டில் தட்டுகிறதா, பிரேக் ஹோஸ் எங்காவது சிக்குகிறதா, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் எல்லாம் இடைவெளியோடுதான் தெரியும். பெங்களூரு சாலையில் அந்த இடைவெளி எத்தனை முறை காணாமல் போகும் என்று இங்கே ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன் சக்கரம் 19 அங்குலம். ஜி.டி. மாதிரி இரண்டு பக்கமும் 18 ஆக்க வேண்டும் என்று ஆசை. பலரும் இதற்குப் பயப்படுவது, ஓர் அங்குலம் குறைந்தால் முன்பக்கம் ரொம்பத் தாழ்ந்துவிடுமே என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 90/90-19 டயரின் மொத்த விட்டம் சுமார் 645 மி.மீ. 100/90-18 டயருக்குச் சுமார் 637. ரிம் சிறிசானாலும் டயரின் சுவர் உயர்ந்துவிடுகிறது. தரையிலிருந்து அச்சின் உயரம் 4 மி.மீ.தான் குறைகிறது, வேகமானி ஒரு சதவீதம்தான் கூடக் காட்டும். ரிம் வாங்கும்போது, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் எத்தனை ஓட்டையோ அத்தனை ஓட்டை ரிம்மிலும் இருக்க வேண்டும், ஸ்போக் புது நீளத்துக்கு வெட்டி மரை போட வேண்டும். ஸ்போக் கட்டுபவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். ரிம் ஹப்பின் நடுவுக்கு வர வேண்டாம், ஃபோர்க்கின் நடுவுக்கு வர வேண்டும். ஒரு பக்கம் டிஸ்க் இருப்பதால் ஹப் நடுவில் இல்லை. ஃபோர்க்கில் மாட்டி, இரண்டு குழாயிலிருந்தும் ரிம் வரை அளந்து, பெண்ட் எடுத்து முடித்தோம். பிறகு தூக்குக்குண்டை மறுபடி விட்டு, குழாயைப் பிளேட்டுக்குள் ஏற்றி இறக்கி, டிரெயில் பழைய அளவுக்கு வந்த இடத்தில் இறுக்கினேன்.

பின் ஷாக் சுலபம். நடுவுக்கு நடு நீளத்தை அளந்து, பழைய ஷாக்கோடு ஒப்பிட்டு, புஷ்ஷுக்குள் லேத்தில் ஒரு எஃகுக் குழல் கடைந்து போட்டதோடு சரி. நீளமான ஷாக் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்குவது படத்துக்கு அழகு. ஆனால் பின்பக்கம் தூக்கினால் முன்பக்கச் சாய்வு நிமிர்ந்து டிரெயில் குறையும், செயினும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்-ஆர்மை உரசத் தொடங்கும்.

பிரேக்கில்தான் அதிக நேரம் செலவழித்தேன், அதற்காக வருத்தமில்லை. கிளிப்-ஆன் கீழ்நோக்கிச் சாய்வதால் பழைய மாஸ்டர் சிலிண்டரின் எண்ணெய் டப்பாவும் சாய்கிறது. எண்ணெய் குறையும்போது காற்று உள்ளே போக வழி அது. அதனால் டப்பா தனியாக இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் எடுத்தேன். இங்கே கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் பிஸ்டனின் விட்டம். 12.7 மி.மீ. இருந்த இடத்தில் 14 போட்டால் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். லீவர் கல் மாதிரி உறுதியாக இருக்கும், கடைக்காரர் "பவர் பிரேக்" என்பார். உண்மையில் அதே நிறுத்தத்துக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பலத்தோடு விரலை அழுத்த வேண்டும். ஒரே டிஸ்க், அதே காலிப்பர் என்றால் பழைய விட்டத்தையே தேடிப் போடுங்கள். புது நீளத்தில் ஹோஸ், ஹோஸைப் பிடிக்கும் ஒவ்வொரு பாஞ்சோ போல்ட்டுக்கும் இரண்டு புதுச் செம்பு வாஷர், டாட் 4 எண்ணெய். பெயிண்ட் அடித்த டேங்கைக் கழற்றி வைத்துவிட்டே எண்ணெய் ஊற்றுங்கள், ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் உரியும்.

கால் கட்டைகளைப் பின்னால் தள்ளினால் கியர், பிரேக் இரண்டுக்கும் கம்பி இணைப்பு வேண்டும். கியர் பக்கம், மிதியின் கையும் கியர் தண்டின் கையும் ஒன்று மேல்நோக்கியும் இன்னொன்று கீழ்நோக்கியும் இருந்தால் கியர் தலைகீழாகும், ஒன்றாம் கியர் மேலே போய்விடும். இரண்டையும் ஒரே திசையில் வைத்தால் பழைய வழக்கம் அப்படியே இருக்கும். பிரேக் பக்கம், மிதியின் நீளக் கைக்கும் குட்டைக் கைக்கும் உள்ள விகிதத்தை நான் எழுதி வைத்த அளவிலேயே புது மிதிக்கும் வெட்டினேன். அந்த விகிதம் குறைந்தால் பின் டிரம் பிடிக்கவே பிடிக்காது. டிரம் பிடிக்கும் நேரத்தில் கம்பியும் கையும் செங்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கிக்கர் இறங்கும் பக்கத்துக் கட்டை மடங்கும் வகையாக இருக்கட்டும். இதற்கெல்லாம் தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் மட்டுமே வாங்கினேன். பெயர் இல்லாத பளபளப்பான போல்ட் சீட் மாட்ட ஆகும், கால் வைக்கும் இடத்துக்கு ஆகாது.

டேங்க் அழகுக்காக, அதை ஒளிக்கப் போவதில்லை. ராஜ்தூத் 350இன் அசல் டேங்குக்கு இப்போது சேகரிப்பாளர்கள் மொய்க்கிறார்கள், அவர்கள் வண்டிக்கே அது போகட்டும். புதிதாக அடித்த டேங்கின் அடிக்குகை, புல்லட்டின் ஒற்றை முதுகுக் குழாய்க்கு அகலம் ஜாஸ்தி. ஆகவே குழாயின் இரண்டு பக்கமும் ரப்பர் கட்டைகளும், பின்னால் எம்.எஸ். (சாதா இரும்பு) பட்டையில் ஒரு தாங்கியும் வைத்தோம், தாங்கி சேஸில் ஏற்கெனவே இருந்த ஓட்டையில் போல்ட்டால் நிற்கிறது. பெட்ரோல் டேப் இருக்கும் இடம் கார்புரேட்டரைவிட உயரமாகவும் டேங்கின் தாழ்ந்த மூலையாகவும் இருக்க வேண்டும், பெட்ரோல் இங்கே தன் எடையில்தான் இறங்குகிறது. ஹேண்டிலை முழுசாகத் திருப்பும்போது கட்டை விரல் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டுகிறதா என்று பாருங்கள். மாட்டினால், சந்தில் யூ-டர்ன் அடிக்கும் அன்றைக்கு வண்டியோடு கீழே கிடப்பீர்கள். ஹேண்டில் தடுப்புக்கு ஒரு சின்னத் தொப்பி கடைந்து போட்டு அந்த இடைவெளியைச் சம்பாதித்தேன்.

சீட்டுக்கு வரும்போது சட்டத்தையும் பேச வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. கஃபே ரேசர் கட்டுகிறவர்கள் முதலில் செய்வது பின் சேஸை வெட்டி ஒற்றை ஆள் சீட் வைப்பது. ஆர்.சி.யில் இருக்கை இரண்டு என்று எழுதியிருக்கிறது! நான் சேஸில் வெல்டிங் பொறி படவிடவில்லை. இரண்டு பேர் உட்காரும் தட்டையான சீட், அதன் பின்பாதி மேல் கழற்றி மாட்டும் ஃபைபர் கூம்பு. கூம்பை எடுத்தால் பின்னால் ஆள் உட்காரலாம். கைப்பிடி, கால் கட்டை, பின் சக்கரத்தின் பாதியை மூடும் சேலைக் காப்பு மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி கேட்பவை, மூன்றும் வண்டியிலேயே இருக்கின்றன. சேலைக் காப்பு அழகைக் கெடுக்கிறது என்று சொல்கிறவர்கள் துப்பட்டா சக்கரத்தில் சிக்குவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நிறம் மாற்றியதை ஆர்.டி.ஓ.வில் பதிந்துகொண்டேன்.

கூம்பு செய்தது வீட்டு மொட்டை மாடியில். தெர்மாகோலை அடுக்கி ஒட்டி, கத்தியால் வடிவம் செதுக்கி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினேன். பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஆகவே ரெசின் படுவதற்கு முன் பிரவுன் டேப்பால் முழுசாகச் சுற்றி, மேலே மெழுகு தடவ வேண்டும். கண்ணாடி நார்ப்பாயைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து மூன்று அடுக்கு ஒட்டினேன். கிழித்த விளிம்பு வளைவில் படிந்து உட்காரும், கத்தரித்த விளிம்பு கோடாகத் தெரியும். பெங்களூரில் சாயங்காலம் குளிர்ந்துவிடும், ரெசின் இறுகாமல் பிசுபிசுக்கும். கெட்டிப்படுத்தும் திரவத்தை அதிகமாக ஊற்றாமல், மதிய வெயிலில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது. மூக்குக்கு நல்ல மாஸ்க், கைக்குக் கையுறை கட்டாயம்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு கூம்பு வடிவ ஃபில்டரை கார்புரேட்டரில் நேராக மாட்டச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். இதில் இருப்பது வெற்றிடத்தால் ஸ்லைடு தூக்கும் வகைக் கார்புரேட்டர். பெட்டிக்குள் காற்று அமைதியாக இருந்தால்தான் அந்த ஸ்லைடு ஒழுங்காக ஏறும். பெட்டியை எடுத்தால் நடு வேகத்தில் திணறும், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றி மாற்றி ஓய்ந்து போவார்கள். பெட்டியை வைத்துக்கொண்டேன், சைலன்சரும் கம்பெனியுடையதே. இன்னொரு விஷயம்: பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைவு. சென்னை நண்பர் சொல்லும் ஜெட் நம்பரை இங்கே போட்டால் பெட்ரோல் கூடி பிளக் கருக்கும்.

வயரிங்கில் ஒரு வயரையும் வெட்டவில்லை. ஹெட்லைட் கூடு போனதால் உள்ளே கிடந்த, வயர்களை இணைக்கும் கப்ளர்களைப் புது ஹெட்லைட் சட்டிக்குள் அடக்கினேன், நீளம் போதாத இடத்தில் கப்ளர் வைத்த இணைப்பு வயர் செய்தேன்.

ஓட்ட எப்படி இருக்கிறது என்றால், பழைய மெட்ராஸ் சாலையில் ஹொஸ்கோட்டே தாண்டி 80இல் போகும்போது முன்பக்கம் முன்னைவிடத் தரையை அழுத்திப் பிடிக்கிறது. உடம்பின் எடை முன்னே வந்ததன் பலன் அது. வளைவில் கோட்டைப் பிடித்தால் அங்கேயே நிற்கிறது. சில்க் போர்டு சிக்னலில் மணிக்கட்டு வலிக்கிறது, அதுவும் உண்மை. கிளிப்-ஆனை மேல் பிளேட்டுக்குக் கீழே வைத்திருந்ததை மேலே ஏற்றினேன். பிளேட்டின் தடிமனோடு சேர்த்து ஏறிய அந்தக் கொஞ்ச உயரமே நகருக்குள் பெரிய வித்தியாசம். முதல் ஓட்டங்களுக்குப் பிறகு கோன் செட், கிளிப்-ஆன், பிரேக் காலிப்பர் போல்ட்டுகள், ஸ்போக் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பார்த்தேன். கோன் செட் கொஞ்சம் தளர்ந்திருந்தது, புதுப் பேரிங் உட்காரும்போது அப்படித்தான் ஆகும். ஸ்போக்கை ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் எல்லாம் ஒரே சுருதியில் வர வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது.

கழற்றிய அசல் உதிரிகள் ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டி, எண்ணெய் தடவி, பரணில் சாக்கில் இருக்கின்றன. தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம், ஆக 2026இல் இதை ஆர்.டி.ஓ.வில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் ஏதாவது கேட்டால் அசல் நிலைக்குத் திருப்ப எல்லாம் கையில் உண்டு. அதற்குள் பின் டிரம்மைத் திறந்து லைனிங் மாற்றி, மிதிக்கும் டிரம்முக்கும் நடுவே உள்ள கம்பியைக் கொஞ்சம் தடிமனாகப் போட வேண்டும். இப்போதைய கம்பி முழுசாக மிதிக்கும்போது லேசாக வளைகிறது.